ஏ-2 ஃபிளைட் ஜாக்கெட்டில் தோல் ஸ்குவாட்ரன் பேட்ச்: லைனிங்கைப் பிரித்துத் தைப்பதா, சேர்த்தே அடிப்பதா?

பழுப்புக்காலர்:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க விமானிகள் அணிந்த ஏ-2 ஜாக்கெட்டின் ரீப்ரோ (புதிதாகச் செய்த நகல்) ஒன்று இருக்கிறது. குதிரைத்தோல், கனம் 1.2 மி.மீ., உள்ளே காட்டன் லைனிங், அளவு 40. இடது மார்பில் 5 அங்குல வட்ட ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) பேட்ச் ஒன்று வைக்க வேண்டும். பேட்ச், மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல், 1 மி.மீ. கனம், மேலே அக்ரிலிக் லெதர் பெயின்டில் கையால் வரைந்தது. தையல் கடையில் கேட்டால் லைனிங்கோடு சேர்த்து ஒரு சுற்று அடித்துத் தருகிறேன், பத்து நிமிட வேலை என்கிறார்கள். செருப்புக் கடையில் கேட்டால் ஃபெவிகால் எஸ்ஆர் 998 பசை போட்டு ஒட்டினாலே ஜென்மத்துக்கும் வராது என்கிறார்கள். இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை.

லைனிங்கைப் பிரித்துத்தான் தைக்க வேண்டுமா? பிரிப்பதென்றால் எந்தத் தையலை? வீட்டில் சாதாரண மோட்டார் தையல் மெஷின் இருக்கிறது, அதில் முடியுமா? பேட்ச் எந்த உயரத்தில் உட்கார வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

தோல்பட்டறை:

ஒட்டுவதை முதலில் தள்ளி வையுங்கள். தோலில் பசை மட்டும் நிற்காது. மார்புப் பகுதி ஒவ்வொரு அசைவிலும் வளைகிறது, பேட்சின் ஓரம் முதலில் வாய் பிளக்கும். பிறகு அதைப் பிய்த்தால் ஜாக்கெட்டின் மேல்பூச்சும் கூடவே உரிந்து வரும். பசைக்கு இங்கே ஒரே ஒரு வேலைதான்: தைத்து முடிக்கும்வரை பேட்ச் நகராமல் பிடித்துக்கொள்வது.

லைனிங்கோடு சேர்த்து அடிப்பது போர்க்காலத்திலும் நடந்திருக்கிறது. உள்ளே லைனிங்கில் வட்டமாகத் தையல் தெரியும் அசல் ஜாக்கெட்டுகள் நிறைய உண்டு. ஆனால் அதில் இரண்டு தொல்லை. லைனிங் தோலைவிடக் கொஞ்சம் தொளதொளப்பாக வெட்டப்பட்டிருக்கும், அந்தத் தளர்வு கைக்கும் தோளுக்கும் அசைய இடம் தருவதற்காக. அதைத் தோலோடு 5 அங்குல வட்டத்தில் இறுக்கிவிட்டால் கையைத் தூக்கும்போது லைனிங் அக்குள் பக்கத்திலிருந்து இழுக்கும். நாளாவட்டத்தில் லைனிங்தான் கிழியும். இரண்டாவது, தைக்கும்போது அடியில் லைனிங் மடிந்து மாட்டிக்கொண்டால் மேலிருந்து தெரியாது. தையலைப் பிரித்தால் தோலில் விழுந்த ஓட்டை அப்படியே இருக்கும். துணியில் ஊசி ஓட்டை மூடிக்கொள்ளும், தோலில் மூடாது. இந்த வேலையில் எல்லாக் கவனமும் ஊசி இறங்குவதற்கு முன்பே செலவாக வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

ஆகவே பிரித்துத் தைப்பதையே சொல்வேன். எங்கே பிரிப்பது என்றால், ஜிப்புக்கு உள்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு தோல் பட்டை ஓடும், லைனிங் அதன் ஓரத்தில் சேரும். இடது பக்கம் அந்தச் சேர்க்கைத் தையலைத்தான் பிரிக்க வேண்டும். கை வைக்கும் முன் வெளிப்பக்கம் பாருங்கள்: அதே இடத்தில் வெளித்தோலில் தையல் கோடு தெரிகிறதா? தெரியாவிட்டால் அது உள்ளேயே முடிகிற தையல், தைரியமாகப் பிரிக்கலாம். இடுப்பு நிட் (பின்னல் பட்டை) பக்கம் போகாதீர்கள். அங்கே தோல், நிட், லைனிங் மூன்றும் ஒரே தையலில் சேர்ந்து, மேலே இன்னொரு தையலும் ஓடியிருக்கும். பிரித்தால் திரும்பப் பழைய ஓட்டையில் உட்கார வைப்பது பெரும் பாடு.

கையால் தைப்பதென்றால் 15 முதல் 20 செ.மீ. பிரித்தால் போதும், உள்ளங்கை நுழைந்தால் சரி. வீட்டு மெஷின் என்றால் 30 செ.மீ.க்குக் குறையாமல் பிரித்து, லைனிங்கை விலாத் தையல் பக்கம் முழுக்க மடித்துப் பின் குத்தி ஒதுக்க வேண்டும். பிரிப்பதற்கு முன் நீளத்தின் இரண்டு முனையிலும் லைனிங்கில் ஒரு வண்ண நூலால் அடையாளம் போடுங்கள். திரும்பத் தைக்கும்போது லைனிங் அரை செ.மீ. ஏறி இறங்கினாலும் கீழே சுருக்கம் சேரும்.

மூடுவது கையால் ஏணித்தையல், அதாவது இரண்டு ஓரத்திலும் மாறி மாறி ஊசி போகும் தையல். தோல் பட்டையில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளிலேயே ஊசி போக வேண்டும், புது ஓட்டை கூடாது.

ஊசிமுனை:

பட்டறை அண்ணன் சொன்னதோடு மெஷின் விஷயத்தைச் சேர்க்கிறேன்.

1.2-ம் 1-ம் சேர்ந்து 2.2 மி.மீ. தோல். நல்ல வீட்டு மெஷின் இதைத் தாண்டும். ஆனால் பெடலை மிதித்து ஓட்டும் வேலை இல்லை, கைச்சக்கரத்தைச் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்க வேண்டும். ஊசி லெதர் ஊசிதான், 90 அல்லது 100. துணி ஊசியோ ஜீன்ஸ் ஊசியோ போட்டால் முனை தோலை வெட்டாமல் ஒதுக்கித் தள்ளும், ஓட்டையைச் சுற்றி மேடு எழும்பும், தையல் விட்டுவிட்டு விழும். நூல் பாலியஸ்டர், டெக்ஸ் (நூலின் தடிமன் எண்) 40 அல்லது 45. டெக்ஸ் 70 போட வேண்டுமென்றால் ஊசி 100-க்குக் கீழே இறங்கக் கூடாது, வீட்டு மெஷினின் பாபின் அதற்குப் பெரும்பாலும் முரண்டு பிடிக்கும்.

தையல் நீளம் 3 முதல் 3.5 மி.மீ., அதாவது அங்குலத்துக்கு ஏழெட்டு. நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்பது துணிக்கு. தோலில் 2 மி.மீ.க்கு ஒரு ஓட்டை விழுந்தால் தபால்தலையின் ஓரம் மாதிரி ஆகிவிடும், ஒரு இழுப்பில் கோடு போட்டது போல் கிழியும். அதுவும் பேட்ச் கிழிந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். கிழிவது சில சமயம் ஜாக்கெட்.

இன்டஸ்ட்ரியல் மெஷினில் தைக்கக் கொடுப்பவர்கள் ஊசி முனையின் வெட்டு எந்தத் திசை என்று கேளுங்கள். தையல் கோட்டுக்கு நேராக வெட்டும் எஸ் முனையில் தையல் நேர்கோடாக அழகாக விழும், ஆனால் ஓட்டைகள் ஒன்றை ஒன்று நோக்கி நீளும். இந்த வேலைக்குச் சாய்வாக வெட்டும் எல்ஆர் முனை நல்லது, ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே அதிகத் தோல் மிஞ்சும்.

பிரஷர் ஃபுட் சாதாரண உலோகமாக இருந்தால் பெயின்ட் செய்த தோலில் ஒட்டும், ஜாக்கெட் நகராது, ஒரே இடத்தில் மூன்று தையல் குவியும். டெஃப்லான் ஃபுட் அல்லது ரோலர் ஃபுட் வாங்கிப் போடுங்கள், விலை அதிகமில்லை. இல்லாவிட்டால் பேட்சின் மேல் பட்டர் பேப்பரை வைத்து அதன் மேலேயே தைத்துவிட்டுப் பிறகு கிழித்து எடுக்கலாம். ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைத்து வையுங்கள், தோலில் பதிந்த தடம் போகாது. அடியில் தோலை நகர்த்தும் பற்கள் சதைப்பக்கத்தை (தோலின் உள்பக்கத்தை) பிடிப்பதால் அங்கே தடம் விழுந்தாலும் கவலையில்லை.

இனி முக்கியமான இடம். வட்டப் பேட்சைச் சுற்றித் தைக்கும்போது முழு ஜாக்கெட்டும் 360 டிகிரி சுற்ற வேண்டும். பாதிச் சுற்றில் முதுகு, வலது பக்கம், இரண்டு கை எல்லாம் மெஷின் கழுத்துக்குள் வந்து குவியும். வீட்டு மெஷினில் ஊசிக்கு வலப்புறம் 17, 18 செ.மீ. இடம்தான் இருக்கும். குவிந்த எடை தையலை இழுத்து, வட்டம் முட்டையாகிவிடும். அதனால் இரண்டு பாதியாகத் தையுங்கள். கடிகாரத்தில் 12 மணி இடத்தில் தொடங்கி வலப்பக்கமாக 6 மணிவரை ஒரு பாதி. நூலை நிறுத்திவிட்டு மறுபடி 12-க்கு வந்து இடப்பக்கமாக 6 வரை இன்னொரு பாதி. இப்படிச் செய்தால் ஜாக்கெட் எந்த நேரத்திலும் நேர்நிலையிலிருந்து இருபக்கமும் 90 டிகிரிதான் திரும்பும், பெரும்பகுதி எப்போதும் மெஷினுக்கு இடப்புறம் மேசையிலேயே கிடக்கும். 12-லும் 6-லும் இரண்டு மூன்று தையல் ஏற்கெனவே விழுந்த ஓட்டையிலேயே மறுபடி இறங்கட்டும். ரிவர்ஸ் பட்டனை அழுத்தவே கூடாது, அது பழைய ஓட்டையில் விழாமல் பக்கத்தில் புது ஓட்டை போடும். மேல் நூலைச் சதைப்பக்கம் இழுத்து, பாபின் நூலோடு இரண்டு முடிச்சுப் போட்டு, ஒரு துளி பசை வைத்து 5 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

சிங்கர் 29கே மாதிரியான பழைய செருப்பு மெஷின் யாரிடமாவது இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. அதில் ஃபுட்டைக் கையால் எந்தத் திசைக்கும் திருப்பலாம், ஜாக்கெட்டைச் சுற்றாமலே ஃபுட்டின் திசையை மட்டும் மாற்றி வட்டம் வரலாம். மெல்லிய கை போன்ற அடிப்பாகம் லைனிங்குக்குள் நுழைந்துவிடும், 20 செ.மீ. பிரித்தாலே போதும். ஆனால் அதன் ஃபுட்டில் பல் இருக்கும், பெயின்டைக் கொத்தும். ஃபுட்டுக்கு அடியில் மெல்லிய தோல் துண்டு ஒன்றை ஒட்டச் சொல்லுங்கள்.

பழுப்புக்காலர்:

இவ்வளவு விவரத்துக்கு நன்றி சார். இரண்டு பாதியாகத் தைக்கும் யோசனை இதுவரை எங்கும் கேட்டதில்லை. மூன்று சந்தேகம். ஓரத்திலிருந்து எவ்வளவு உள்ளே தைப்பது? பெயின்ட் மேல் ஊசி இறங்கினால் உதிருமா? அப்புறம் கையால் தைத்தால் இதைவிடப் பாதுகாப்பா?

மெழுகுநூல்:

கையால் தைப்பதுதான் பாதுகாப்பு. காரணம், பேட்சிலேயே முதலில் ஓட்டைகளை முழுக்கப் போட்டுவிடலாம், ஜாக்கெட்டைத் தொடாமலே. அது சரியாக வராவிட்டால் இன்னொரு பேட்ச், அவ்வளவுதான்.

ஓரத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே. அதற்குக் குறைந்தால் ஓரம் பிய்யும், 3-ஐத் தாண்டினால் வெளியே இருக்கும் விளிம்பு நாளடைவில் மேல்நோக்கிச் சுருளும். டிவைடரை 2 மி.மீ.க்கு வைத்து ஓரத்தைத் தொட்டபடி ஒரு சுற்று லேசாகக் கீறுங்கள். 5 அங்குலம் என்றால் 12.7 செ.மீ. விட்டம், தையல் கோட்டின் விட்டம் 12.3 செ.மீ., சுற்றளவு 38.6 செ.மீ. 3.5 மி.மீ.க்கு ஒரு தையல் என்றால் சரியாக 110 ஓட்டை. இந்தக் கணக்கை முதலில் போட்டுக்கொள்ளாமல் தொடங்கினால் கடைசித் தையல் அரையும் குறையுமாக முடியும், வட்டத்தில் அது கண்ணை உறுத்தும்.

கோட்டை நான்காகப் பிரித்துப் புள்ளி வைத்து, ஒவ்வொரு கால்வட்டத்திலும் 27, 28 ஓட்டை வருமாறு குறியுங்கள். 0.9 மி.மீ. குத்தூசியால், பேட்சை ரப்பர் ஷீட் மேல் வைத்து, செங்குத்தாகக் குத்த வேண்டும். சாய்ந்தால் முகப்பக்கம் நேராகவும் பின்பக்கம் கோணலாகவும் இருக்கும்.

பெயின்ட் விஷயம். அக்ரிலிக் தடிமனாக இருந்தால் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் போல் விரிசல் விடும். அதனால் சுற்று ஓரத்தில் 4 மி.மீ. அகலத்துக்குச் சாயம் மட்டும் பூசி, பெயின்டை அதற்கு உள்ளேயே நிறுத்துவது நல்லது. உங்களுடையது ஏற்கெனவே ஓரம்வரை வரைந்துவிட்டதென்றால் குத்தூசி முனையில் கொஞ்சம் தேன்மெழுகு தடவிக் குத்துங்கள், கடைசிப் பூச்சு பூசி ஒரு வாரமாவது ஆகியிருக்கட்டும். தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ரப்பராகத்தான் இருக்கும். அந்த நிலையில் குத்தினால் பெயின்ட் ஊசியோடு இழுபட்டு வரும்.

பெயின்ட் பிற்பாடு தகடாக உரிந்து வருவது பெரும்பாலும் தோலின் தவறில்லை. தொடங்கும் முன் தோலின் மேல்பூச்சை அசிட்டோனால் துடைத்து எடுக்காததும், மெல்லிய நாலு பூச்சுக்குப் பதில் கெட்டியாக ஒரே பூச்சு போட்டதும்தான் காரணம். தைத்த பிறகு சரிசெய்ய வழியில்லை. இப்போதே பேட்சை விரலால் வளைத்துப் பாருங்கள். வெள்ளையாகக் கோடு விழுந்தால் தைக்காமல் மறுபடி வரைவதே மேல்.

பேட்சை ஜாக்கெட்டில் நிறுத்த ரப்பர் சொல்யூஷன் போதும். நடுவில் மட்டும், மெல்லிசாக, ஓரத்திலிருந்து 6, 7 மி.மீ. உள்ளே. தையல் கோட்டில் பசை இருந்தால் ஊசியில் அப்பிக்கொண்டு நூலை முறுக்கும். 998 வேண்டாம், அதன் கரைப்பான் மெல்லிய தோலில் ஊடுருவிப் பெயின்டின் அடிவரை போகும், வருடங்கள் ஆனால் காய்ந்து கெட்டியாகிப் பேட்சே அட்டை போலாகும். குண்டூசி வேண்டவே வேண்டாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேசையில் தட்டையாகப் போட்டு ஒட்டிவிடாதீர்கள். ஜாக்கெட் மார்பின் மேல் வளைந்து நிற்கும் பொருள். தட்டையாக ஒட்டித் தைத்த பேட்ச், அணிந்ததும் நடுவில் உப்பும், அதன் கீழே ஜாக்கெட் தோல் பிறைபோல் மடியும். துண்டு ஒன்றை நன்றாக உருட்டி மார்புக்கு அடியில் வைத்து, அந்த வளைவின் மேல் பேட்சை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி ஒட்டுங்கள்.

பேட்சின் ஓரம் 1 மி.மீ. அப்படியே இருந்தால் தடித்துத் தெரியும். சதைப்பக்கம் 8 மி.மீ. அகலத்துக்கு ஓரத்தைச் சீவி 0.6 மி.மீ.க்குக் கொண்டுவரலாம், ஓட்டை போடுவதற்கு முன். 0.5-க்குக் கீழே போனால் நூல் அறுத்துக்கொண்டு வரும்.

நூல் 0.5 மி.மீ. மெழுகு பூசிய பாலியஸ்டர் அல்லது லினன். இரண்டு ஊசித் தையல் என்றால் கோட்டின் நீளத்தைப் போல் நாலு மடங்கு, நுனிக்கு 40 செ.மீ. சேர்த்து மொத்தம் 2 மீட்டர். ஒரு கை லைனிங்குக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஒரே ஊசியில் பின்தையல் போடுவதே எளிது. மூன்று பக்கம் பட்டை போட்ட லெதர் கையூசி, பேட்சின் ஓட்டையில் வைத்து ஜாக்கெட் தோலை மட்டும் துளைத்து இறங்கட்டும். மேலே திரும்பி வரும்போது தப்பான இடத்தில் வந்தால் இழுக்காதீர்கள், ஊசியை வந்த வழியே பின்னால் எடுங்கள். நூலை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இழுங்கள், பேட்ச் படிந்தால் போதும், தோலில் பள்ளம் விழக் கூடாது.

தோல்பட்டறை:

மெழுகுநூல் சொன்ன பசைக் கணக்குக்கு ஒரு திருத்தம். எண்ணெய்ப் பிசுக்குள்ள குதிரைத்தோலில் ரப்பர் சொல்யூஷன் அரை மணியில் விட்டுவிடும். கையால் 110 தையல் போட இரண்டு மணி நேரமாவது ஆகும். அந்த மாதிரித் தோலுக்கு 3 மி.மீ. அகல டபுள் டேப்பை நடுவில் பெருக்கல் குறி போல் ஒட்டினால் நிற்கும். பேட்ச் மறைக்கும் இடத்தை மட்டும் முதலில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் லேசாகத் துடையுங்கள். அதையும் காலருக்கு அடியில் சோதித்துவிட்டு, பஞ்சில் நிறம் நிறைய ஏறினால் விட்டுவிடுங்கள். தைப்பதற்கு முந்தைய வாரம் லெதர் கண்டிஷனர் எதுவும் தடவ வேண்டாம்.

ஏ-2-வின் மேல் செம்பழுப்புச் சாயம் ஈரத்தில் கசியும் என்பதும் நினைவில் இருக்கட்டும். பேட்சில் வெளிர் நிறம் அதிகமென்றால் அதன் பின்பக்கமும் ஓரமும் மெழுகு தேய்த்துவிடுங்கள், மழையில் நனைந்தால் ஓரத்திலிருந்து கறை ஏறாது.

இறகுச்சின்னம்:

இடம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதை எழுதுகிறேன்.

ஏ-2 ஜாக்கெட்டை அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவு 1931-ல் ஏற்றது, 1943-ல் புதிய ஆர்டர்கள் நின்று துணி ஜாக்கெட்டுகள் வந்தன. ஸ்குவாட்ரன் சின்னத்துக்கு இடது மார்புதான் வழக்கமான இடம். அதற்கு மேலே பெயர் பொறித்த தோல் பட்டை, ஏறத்தாழ 4 அங்குல நீளம், முக்கால் அங்குல அகலம். குரூப் (பல ஸ்குவாட்ரன்கள் சேர்ந்த பிரிவு) சின்னமும் இருந்தால் அது வலது மார்புக்குப் போகும். எண் கொண்ட விமானப்படைகளின் சின்னம், எட்டாவது, பதினான்காவது போன்றவை, இடது தோளில். இதில் ஜாக்கெட்டுக்கு ஜாக்கெட் வித்தியாசம் உண்டு, வீரர்கள் கையில் கிடைத்தபடி தைத்துக்கொண்டார்கள். ஆனால் ஐரோப்பாவில் இருந்த ஒரு குண்டுவீச்சு ஸ்குவாட்ரனின் பேட்சையும் சீனாவில் இருந்த பதினான்காவது விமானப்படையின் தோள் சின்னத்தையும் ஒரே ஜாக்கெட்டில் வைத்தால் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே படும். முதலில் பிரிவையும் களத்தையும் தீர்மானித்துவிட்டுப் பேட்ச் வாங்குங்கள்.

உயரத்துக்கு: ஜாக்கெட்டைப் போட்டு ஜிப்பை மூடி, கைகளைத் தொங்கவிட்டு, கண்ணாடி முன் நில்லுங்கள். காகிதத்தில் 12.7 செ.மீ. வட்டம் வெட்டி, ஒட்டும் சக்தி குறைந்த மாஸ்கிங் டேப்பால் வைத்துப் பாருங்கள். கெட்டியான டேப் மேல்பூச்சை உரித்துவிடும். ஜிப்புக்கும் கைத் தையலுக்கும் நடுவில் வட்டத்தின் மையம் வர வேண்டும். கீழ் விளிம்புக்கும் பாக்கெட் மூடிக்கும் நடுவே குறைந்தது 3 செ.மீ. பெயர்ப் பட்டைக்கும் பேட்சுக்கும் நடுவே 2 செ.மீ. போதும். இப்போது இரண்டு கையையும் முன்னே நீட்டி ஸ்டியரிங் பிடிப்பது போல் வையுங்கள். காகிதத்தின் வெளி விளிம்பு மடிகிறதா? கைத் தையலிலிருந்து 2.5 செ.மீ.க்குள் போனால் மடியும், அங்கே தோல் பேட்ச் இருந்தால் அந்த மடிப்பிலேயே பெயின்ட் வெடிக்கும். அளவு 40-ல் 5 அங்குலம் தாராளமாக உட்காரும். அளவு 36 என்றால் 4.5 அங்குலத்துக்குக் குறைப்பது நல்லது.

பட்டைகள் நேராக இருக்கிறதா என்பதை ஜாக்கெட்டை மேசையில் விரித்து அளக்காதீர்கள். அணிந்த நிலையில் தோள் சரிவதால் முன்பகுதி சற்றுத் திரும்பும், மேசையில் நேரானது உடம்பில் வெளிப்பக்கம் சாயும். உடம்பில் குறித்த இடமே சரி. சுண்ணாம்புப் பென்சிலோ வெள்ளி நிற லெதர் பேனாவோ வட்டத்துக்கு உள்ளே மட்டும் நாலு புள்ளி.

பேட்ச் வகைகள் பற்றியும் ஒரு வார்த்தை. கையால் வரைந்த தோல், கம்பளியில் எம்பிராய்டரி, ஷெனீல் (பஞ்சு போன்ற நூல் வேலைப்பாடு), பல நிறத் தோல் துண்டுகளை வெட்டி அடுக்கியது என எல்லாமே போரின்போது புழங்கின. சின்னங்களை வரைந்து கொடுத்ததில் வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவின் பங்கு பெரிது, 1,200-க்கும் மேற்பட்ட சின்னங்களை அமெரிக்க, நேச நாட்டுப் பிரிவுகளுக்கு வரைந்தார்கள். சீனாவில் போரிட்ட அமெரிக்கத் தன்னார்வ விமானிகளான ஃபிளையிங் டைகர்ஸின் இறக்கை முளைத்த புலியும் அவர்களுடையதுதான். துண்டு அடுக்கிய தோல் பேட்சுக்கு நம் பக்கத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. சீனா, பர்மா, இந்தியக் களத்தில் இருந்த அமெரிக்கர்களுக்கு இந்தியக் கைவினைஞர்கள் தோலில் செய்து கொடுத்த பேட்சுகளைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள். அந்தக் களத்தின் தோள் சின்னம் ஒரு கேடயம்: கீழே சிவப்பு வெள்ளைக் கோடுகள், மேலே நீலத்தில் ஒரு பக்கம் சீனச் சூரியன், மறுபக்கம் இந்திய நட்சத்திரம். இத்தனை சிறு துண்டுகளை மயிரிழை பிசகாமல் வெட்டிப் பதித்திருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கையின் அருமை தெரியும்.

துண்டு அடுக்கியதைத் தைக்கும்போது அடித்தோல் மற்றத் துண்டுகளைவிடச் சுற்றிலும் 5 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும், ஜாக்கெட்டில் தைக்கும் தையல் அந்த வெற்று ஓரத்தில் மட்டும் போகட்டும். மூன்று அடுக்கையும் ஜாக்கெட்டோடு சேர்த்துத் துளைத்தால் 3.5 மி.மீ.க்கு மேல் போகும், வீட்டு மெஷின் திணறும்.

சாம்பல்வானம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது கடற்படையின் ஜி-1, ஆட்டுத்தோல், ரோமக் காலர். இதற்கும் இதே இடம்தானா? வெல்க்ரோ வைத்தால் கழற்றி மாற்றலாமே என்றும் ஒரு யோசனை. இன்னொன்று, நண்பர் ஒருவரிடம் 1940-களின் அசல் ஏ-2 இருக்கிறது, பேட்ச் இல்லை, மார்பில் வட்டமாகப் பழைய ஊசி ஓட்டைகள் மட்டும். அதில் புதுப் பேட்ச் தைக்கலாமா?

இறகுச்சின்னம்:

ஜி-1-ல் மாறும். கடற்படை வழக்கத்தில் பெயர்ப் பட்டை இடது மார்பு, ஸ்குவாட்ரன் பேட்ச் வலது மார்பு. முதுகிலும் கைகளிலும் நிறைய பேட்ச் வைப்பது பிற்காலப் பழக்கம்.

வெல்க்ரோ 1988-ல் அமெரிக்க விமானப்படை ஏ-2-வைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு வந்த ஜாக்கெட்டுகளில் முறையான வழக்கமே. அந்தக் காலத்து ஜாக்கெட்டின் ரீப்ரோவாக இருந்தால் தாராளமாக வைக்கலாம், போர்க்கால ரீப்ரோவில் பொருந்தாது. ஓட்டையில்லாமல் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம், ஜாக்கெட்டில் வைக்கும் பாதியைத் தைத்துத்தான் ஆக வேண்டும். மென்மையான பாதி ஜாக்கெட்டிலும் முள் பாதி பேட்சிலும் இருக்கட்டும். மாற்றி வைத்தால் பேட்ச் இல்லாத நாளில் முள் சீட் பெல்ட், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் பிடித்துப் பிய்க்கும்.

மெழுகுநூல்:

அசல் ஜாக்கெட்டுக்குப் பதில்: புது ஓட்டை ஒன்றுகூட விழக் கூடாது. அந்த ஓட்டை வட்டமும், பேட்ச் மறைத்த இடத்தில் தோல் அடர்நிறமாக நிற்பதும், அந்த ஜாக்கெட் எந்தப் பிரிவில் இருந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி. டிரேசிங் பேப்பர் வைத்து ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குறித்து, விட்டத்தையும் வடிவத்தையும் அளந்து புகைப்படத்தோடு வைக்கச் சொல்லுங்கள். வட்டம் சரியான வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் தட்டையாகவோ கூராகவோ இருந்தால் அதை வைத்தே பல ஸ்குவாட்ரன்களைக் கழித்துவிடலாம்.

அதற்குப் பிறகும் பேட்ச் வேண்டும் என்றால் முதலில் தோல் தாங்குமா பாருங்கள். லைனிங் பக்கமிருந்து சதைப்பக்கத்தை விரலால் தேய்த்தால் செம்பழுப்புத் தூள் வருகிறதா? வந்தால் அந்தத் தோலின் இழை செத்துவிட்டது, எந்த நூலும் அதில் நிற்காது, கண்டிஷனர் போட்டாலும் உயிர் வராது. தூள் வராமல் தோல் இன்னும் வளைந்து கொடுத்தால், டிரேசிங் பேப்பரில் குறித்த அதே புள்ளிகளைப் புதுப் பேட்சில் மாற்றிக் குத்தி, பழைய ஓட்டைகள் வழியாக மட்டும் கையால் தைக்கலாம். பசை, டேப் எதுவும் கூடாது. ஊசி முனை மழுங்கியதாக இருக்கட்டும், லெதர் ஊசி பழைய ஓட்டையின் ஓரத்தை வெட்டி அகலமாக்கும். நூல் காட்டன், 40-ம் நம்பர், இரட்டையாக. பாலியஸ்டரோ நைலானோ போடாதீர்கள். இழுப்பு வந்தால் அறுபட வேண்டியது நூல், எண்பது வருடத் தோல் இல்லை. நாலு ஓட்டைக்கு ஒன்று விட்டுத் தைத்தால்கூடப் பேட்ச் நிற்கும், அலமாரியில் தொங்கும் ஜாக்கெட்டுக்கு அது தாராளம்.

பழுப்புக்காலர்:

கையால் தைப்பதென்று முடிவு செய்துவிட்டேன். வெளித்தோலில் தையல் கோடு எதுவும் தெரியவில்லை, பட்டைத் தையல் உள்ளேயே முடிகிறது. பெயின்டை வளைத்துப் பார்த்ததில் கோடு விழவில்லை. ஒன்று மட்டும்: ஏணித்தையலுக்கு எந்த நூல், பட்டையில் பழைய ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் என்ன செய்வது?

தோல்பட்டறை:

லைனிங் நிறத்தில் சாதாரண 40-ம் நம்பர் பாலியஸ்டர் போதும், அந்த இடத்தில் பெரிய இழுப்பு கிடையாது. ஓட்டை தெரியாவிட்டால் பட்டையைப் பின்னோக்கி விரலால் வளைத்துப் பிடித்து, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள், வரிசையாகத் தெரியும். பிரிக்கும்போதே பழைய நூலை மொத்தமாக உருவிவிடாமல், லைனிங்கை விடுவித்துவிட்டு, பட்டைப் பக்கம் துணுக்குகளை அப்படியே ஓட்டையில் விட்டு வையுங்கள். மூடும்போது ஒரு துணுக்கை எடுப்பது, அதே ஓட்டையில் ஊசியை விடுவது என்று போனால் தேடவே வேண்டியதில்லை.